படம் பார்க்கும் அறைக்கு எந்தச் சாயம், எந்தப் பூச்சு: ஒரு வீவக அறையில் நான்கு வகைகளின் மதிப்புரை

வீட்டில் படம் பார்ப்பதற்கென்று ஓர் அறையை ஒதுக்குகிறவர்கள் புரொஜெக்டரையும் ஒலிபெருக்கிகளையும் மாதக்கணக்கில் ஆராய்ந்து வாங்கிவிட்டு, சுவரைப் பற்றிச் சாயம் பூச வருபவர் வாசலில் நிற்கும்போதுதான் யோசிக்கிறார்கள். அப்போதும் அவர்கள் கேட்பது எந்த நிறம் என்பதை மட்டுமே. சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய எங்கள் ஐந்தறை வீட்டின் படுக்கையறை ஒன்றைத் திரையரங்காக மாற்றியபோது, கழுவக்கூடிய மென்மினுக்குச் சாயம், மினுக்கே இல்லாத மேட் சாயம், கறுப்பு வெல்வெட் போர்த்திய பலகைகள், இழைகளை அழுத்திச் செய்த, ஒலியடக்கும் ஃபெல்ட் பலகைகள் ஆகிய நான்கையும் ஒரே அறையில், ஒரே புரொஜெக்டருக்கு முன்னால் வைத்துப் பார்த்தேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருண்ட நிறம் என்று தீர்மானித்த பிறகு அது நீலமா சாம்பலா என்பதைவிட அதன் மினுக்கு எவ்வளவு என்பதே முக்கியம். சுவர்களைவிடக் கூரை முக்கியம். கையில் உள்ள பணம் அளவானது என்றால், அதைத் திரையைச் சுற்றியுள்ள ஒன்றரை மீட்டருக்குள் செலவிட வேண்டும்.

அறையின் அளவைச் சொல்லாமல் இந்த முடிவுகளுக்குப் பொருளில்லை. எங்கள் அறை மூன்று மீட்டர் அகலம். கூரையின் உயரம், வீவக வீடுகளில் வழக்கமாக உள்ளதைப் போல், சுமார் 2.6 மீட்டர். மூலைக்கு மூலை 100 அங்குலம் உள்ள திரை ஒன்றின் அகலம் 221 சென்டிமீட்டர், உயரம் 125 சென்டிமீட்டர். ஆகவே திரையின் இரு ஓரங்களுக்கும் பக்கச் சுவர்களுக்கும் இடையே 40 சென்டிமீட்டர்தான் மிஞ்சுகிறது; திரையை அமர்ந்து பார்க்கும் உயரத்தில் மாட்டினால் அதன் மேல்விளிம்புக்கும் கூரைக்கும் இடையே ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். வெளிநாட்டு வீடுகளில் நிலத்தடி அறைகளை மனத்தில் வைத்துச் சொல்லப்படும் ஆலோசனைகள் நமக்கு அப்படியே பொருந்தாததற்குக் காரணம் இதுதான். அங்கே சுவர் விலகி நிற்கிறது. இங்கே அது படத்தின் விளிம்பை ஒட்டியே நிற்கிறது.

புரொஜெக்டரால் கறுப்பை உண்டாக்க முடியாது. ஒளியை அனுப்பாமல் விட்டுவைப்பது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த கறுப்பு. இரவுக் காட்சியில் ஒருவர் வெள்ளை வேட்டி கட்டி நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த வேட்டியின் ஒளி திரையில் பட்டு அறை முழுவதும் சிதறுகிறது. கூரையும் சுவர்களும் அதில் ஒரு பங்கை மீண்டும் திரைக்கே அனுப்புகின்றன. அது காட்சியின் இருண்ட பகுதிகளின்மேல் விழுந்து அவற்றைச் சாம்பலாக்கிவிடுகிறது. ஒரு நிறம் எவ்வளவு ஒளியைத் திருப்பும் என்பதை எல்ஆர்வி என்ற எண்ணால், பூஜ்யத்திலிருந்து 100 வரை குறிப்பார்கள். ஷெர்வின் வில்லியம்ஸ் நிறுவனத்தின் பியூர் வொயிட் என்ற வெள்ளைக்கு அது 84, அயர்ன் ஓர் என்ற கரும்சாம்பலுக்கு 6, டிரைகார்ன் பிளாக் என்ற கறுப்புக்கு 3. இந்த எண்களின் வேறுபாடு அறைக்குள் பெருக்கலாக வேலை செய்கிறது. எல்லாப் பரப்புகளும் சராசரியாக 70 விழுக்காடு ஒளியைத் திருப்பும் அறையில் முதல் மோதலில் 70, அடுத்ததில் 49, அதற்கடுத்ததில் 34 என்று கூட்டிக்கொண்டே போனால், திரையிலிருந்து கிளம்பிய ஒளியைப் போல் 2.3 மடங்கு ஒளி அறைக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். சராசரி 10 விழுக்காடாக இருந்தால் அந்தக் கூட்டுத்தொகை 0.11 மட்டுமே. பரப்புகள் திருப்பும் ஒளியை 7 மடங்கு குறைத்தால், சுற்றித் திரியும் ஒளி 21 மடங்கு குறைகிறது. இது எளிய கணக்குத்தான். உண்மையான அறையில் சோபா இருக்கிறது, திரையே வெள்ளையாக இருக்கிறது. ஆனாலும் பாதி வேலையைச் செய்தால் பாதிப் பலன்தான் கிடைக்கும் என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

புரொஜெக்டரின் விற்பனைத் தாளில் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் மாறுபாட்டு எண் (வெள்ளையின் ஒளி கறுப்பின் ஒளியைப் போல் எத்தனை மடங்கு என்பது), திரை முழுவதும் வெள்ளையாக ஒருமுறையும் முழுவதும் கறுப்பாக ஒருமுறையும் வைத்து அளந்தது. அந்த அளவையில் அறையின் பங்கு தெரியாது. எட்டு வெள்ளைக் கட்டங்களும் எட்டுக் கறுப்புக் கட்டங்களும் ஒரே நேரத்தில் திரையில் இருக்கும்போது அளக்கும் ஆன்சி (அமெரிக்கத் தேசியத் தர நிறுவனம்) முறையில்தான் உண்மை வெளிவரும். வெள்ளைச் சுவர்களும் வெள்ளைக் கூரையும் உள்ள சிறிய அறையில், ஒளியும் இருளும் கலந்த காட்சிகளைப் பொறுத்தவரை, விலை உயர்ந்த கருவிக்கும் நடுத்தரக் கருவிக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதியை அறையே விழுங்கிவிடும். கடையின் காட்சியறையில் பிரமிக்க வைத்த படம் வீட்டுக்கு வந்ததும் வெளிறிப்போனதாகச் சொல்கிறவர்கள் கருவியைக் குறை சொல்வதற்குமுன் அண்ணாந்து பார்ப்பது நல்லது.

கூரையைப் பற்றி நம் ஊரில் ஒரு பிடிவாதம் உண்டு. சாயம் பூசும் ஒப்பந்தக்காரர் எவரிடம் பேசினாலும், சுவருக்கு எந்த நிறம் வேண்டுமானாலும் அடிக்கலாம், கூரை வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அறை தாழ்ந்து தெரியும் என்பார். விளக்கு எரியும்போது அது உண்மை. விளக்கை அணைத்த பிறகு உயரமாவது தாழ்வாவது! ஒப்பீட்டுக்காக முதலில் சுவர்களை மட்டும் இருட்டாக்கிக் கூரையை வெள்ளையாகவே விட்டுப் பார்த்தேன். பிரகாசமான காட்சி வரும்போதெல்லாம் திரைக்கு மேலே உள்ள பகுதி இரண்டாவது திரையைப் போல ஒளிர்ந்தது. கண் படத்திலிருந்து விலகி அங்கே போனது. பிறகு திரையிலிருந்து ஒன்றரை மீட்டர் தூரம் வரை கூரைக்குக் கரும்சாம்பல் பூசியதும் கிடைத்த முன்னேற்றம், இரண்டு பக்கச் சுவர்களையும் சேர்த்துப் பூசியதால் கிடைத்ததைவிட என் கண்ணுக்கு அதிகமாகத் தெரிந்தது. முழுக் கூரையையும் இருட்டாக்க வீட்டில் சம்மதமில்லை என்றால், இந்த ஒன்றரை மீட்டர் பட்டையை மட்டுமாவது கேட்டு வாங்கிவிடுங்கள். அது நேர்க்கோட்டில் முடிந்தால் வேண்டுமென்றே வடிவமைத்ததாகவே தோன்றும்.

இனிப் பூச்சுகளுக்கு வருவோம். சிங்கப்பூர் வீடுகளில், குறிப்பாகப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில், அதிகம் விற்பது கழுவக்கூடிய மென்மினுக்குச் சாயம். நிப்பான், டியூலக்ஸ், ஜோட்டன் ஆகிய மூன்று பெரிய நிறுவனங்களிலும் இந்த வகை கிடைக்கிறது. ஈரத்துணியால் துடைத்தால் மஞ்சள் கறைகூடப் பெரும்பாலும் போய்விடும். ஆனால் திரைக்கு அருகே உள்ள சுவரில் இதைப் பூசக்கூடாது. நாற்காலியில் அமர்ந்திருக்கும் நாம் பக்கச் சுவரை நேராகப் பார்ப்பதில்லை, ஓரப்பார்வையாக, மிகச் சாய்ந்த கோணத்தில் பார்க்கிறோம். பிசின் படலம் போன்ற வழவழப்பான பரப்பு, செங்குத்தாக விழும் ஒளியில் 4 விழுக்காட்டை மட்டுமே திருப்பும்; அதே பரப்பு 60 பாகைச் சாய்வில் 9 விழுக்காட்டையும், 80 பாகைச் சாய்வில் 40 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாகவும் திருப்பும். இந்த ஒளி சாயத்துக்குள் போகாமல் மேற்பரப்பிலேயே திரும்பிவிடுவதால், உள்ளே இருக்கும் நிறமி எவ்வளவு கறுப்பாக இருந்தும் பயனில்லை. எங்கள் அறையில் மென்மினுக்குப் பூசிய சோதனைப் பகுதியில் படத்தின் மங்கலான நிழலுரு ஒன்று சுவரில் ஓடிக்கொண்டே இருந்தது. எல்ஆர்வி 6 உள்ள மினுக்குச் சாயத்தைவிட எல்ஆர்வி 10 உள்ள மேட் சாயமே திரையருகே மேல் என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம். அறையின் பின்சுவரிலும், கை அடிக்கடி படும் கதவோரத்திலும், சுவிட்சைச் சுற்றியும் மென்மினுக்குச் சாயம் நன்றாகவே உழைக்கிறது.

மேட் சாயத்திலும் எல்லா மேட்டும் ஒன்றல்ல. இஎன் 13300 என்ற ஐரோப்பியத் தரம், 85 பாகைக் கோணத்தில் அளக்கும்போது மினுக்கு 10க்குக் கீழே இருந்தால் மேட் என்றும், 5க்குக் கீழே இருந்தால் முழு மேட் என்றும் வகுக்கிறது. அந்த 85 பாகை கிட்டத்தட்ட நாம் பக்கச் சுவரைப் பார்க்கும் ஓரப்பார்வைதான் என்பதால், நம் தேவைக்கு இதைவிடப் பொருத்தமான எண் கிடையாது. தகரத்தின் முகப்பில் உள்ள பெயரை நம்பாமல், நிறுவனத்தின் தொழில்நுட்பத் தாளில் இந்த எண்ணைத் தேடிப் பார்க்கலாம். சில நிறுவனங்கள் மினுக்கை விழுக்காடாகவே சொல்லிவிடுகின்றன. இங்கிலாந்தின் ஃபாரோ அண்ட் பால், தன் எஸ்டேட் எமல்ஷனுக்கு 2 விழுக்காடு என்றும் மாடர்ன் எமல்ஷனுக்கு 7 விழுக்காடு என்றும் குறிப்பிடுகிறது. வாங்குபவருக்கு இது பெரிய உதவி, மற்றவர்களும் பின்பற்றலாம்.

முழு மேட் சாயத்தின் பலம் எதுவோ அதுவே அதன் பலவீனமும். மினுக்கைக் குறைப்பதற்காக நிறமியையும் சிலிக்கா போன்ற துகள்களையும் கூட்டி, அவற்றைப் பிடித்துவைக்கும் பிசினைக் குறைக்கிறார்கள். அதனால் பரப்பு நுண்ணிய அளவில் சொரசொரப்பாகி ஒளியைச் சிதறடிக்கிறது. அதே காரணத்தால் தேய்ப்பைத் தாங்குவதில்லை. நகம் பட்டால் வெள்ளைக் கோடு விழுகிறது. ஒரே இடத்தில் துடைத்துக்கொண்டே இருந்தால் அந்த இடம் மெருகேறி மினுங்கத் தொடங்குகிறது. சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போடுகிறவர்கள், தலை சாயும் உயரத்தில் என்ன நடக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். இன்னொரு சிக்கல், இருண்ட நிறங்களைக் கலக்கப் பயன்படும் அடிச்சாயத்தில் டைட்டானியம் டை ஆக்சைடு மிகக் குறைவு என்பது. பழைய சுவரை மறைக்கும் வேலையைச் செய்வது அந்த வெள்ளை நிறமிதான் என்பதால், வெள்ளைச் சுவர்மேல் நேராகக் கரும்சாம்பலைப் பூசினால் இரண்டு பூச்சில் மூடாது, உருளையின் தடங்கள் பட்டை பட்டையாகத் தெரியும். முதலில் நடுத்தரச் சாம்பல் நிறத்தில் ஓர் அடிப்பூச்சுப் போட்டுவிட்டால் மேலே இரண்டு பூச்சு போதும். பூசுபவர் இதற்குத் தனிக் கூலி கேட்பார், கொடுத்துவிடுவது லாபம். நிறக்குழம்பு அதிகம் சேர்ந்த சாயம் நம் ஊர் ஈரக்காற்றில் மெதுவாகவே இறுகும். முதல் சில வாரங்களுக்கு அதன்மேல் எதையும் ஒட்டவோ சாய்க்கவோ கூடாது. இவ்வளவு குறைகளையும் சேர்த்துப் பார்த்த பிறகும், விலைக்கும் பலனுக்கும் உள்ள பொருத்தத்தில் நான்கில் முதலிடத்தை முழு மேட் சாயத்துக்கே தருகிறேன்.

நிறத்தைப் பற்றி வீட்டில் நடந்த பேச்சுவார்த்தை சாயம் பூசியதைவிட நீண்டது. "குடியிருக்கிற வீட்டுல யாராச்சும் கறுப்பு அடிப்பாங்களா?" என்று மாமியார் ஒரே கேள்வியில் கறுப்பை நிராகரித்துவிட்டார். அவர் சொன்ன காரணம் மங்கலம் சார்ந்தது. எனக்கு இருந்த காரணம் தூசு. தூய கறுப்புச் சுவரில் தூசும் கைத்தடமும் தெரிவதுபோல் வேறெதிலும் தெரியாது, அதுவும் கட்டுமானம் ஓயாத பேட்டைகளில். எல்ஆர்வி 3க்கும் 6க்கும் உள்ள வேறுபாடு 84க்கும் 6க்கும் உள்ளதோடு ஒப்பிட்டால் சிறியது. ஆகவே கரும்சாம்பலோடு நிறுத்திக்கொள்வதில் இழப்பு அதிகமில்லை. எந்த நிறமானாலும் ஒரு விதியை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது: சுவர் எவ்வளவு வெளிர்ந்திருக்கிறதோ அவ்வளவுக்கு அது நிறமற்ற சாம்பலாக இருக்க வேண்டும். வெளிர்ந்த மஞ்சள் சுவர் திரையில் விழும் ஒளிக்கு மஞ்சள் ஏற்றும். பச்சைச் சுவர் முகங்களை நோயாளியின் முகமாக்கும். நிறம் மிக இருண்டதாக இருந்தால் திரும்பும் ஒளியே குறைவு என்பதால் அதில் கலந்த சாயல் கண்ணை உறுத்தாது. அதனால்தான் ஆழ்ந்த கடல்நீலமும் அரக்குச் சிவப்பும் ஏற்கத்தக்கவை ஆகின்றன. அரக்குச் சிவப்புக்குக் கூடுதலாக ஒரு வசதியும் உண்டு. பர்க்கின்யே என்ற செக் நாட்டு உடலியல் அறிஞர் 19ஆம் நூற்றாண்டில் கவனித்துச் சொன்னபடி, ஒளி குறையும்போது நம் கண்ணுக்குச் சிவப்பு மற்ற நிறங்களைவிட விரைவாக மங்கிவிடுகிறது. மங்கலொளியில் வேலை செய்யும் கண்செல்கள் சிவப்பு ஒளியை ஏறக்குறைய உணர்வதே இல்லை. விளக்கெரியும்போது செழிப்பாகத் தெரியும் அரக்குச் சுவர், படம் தொடங்கியதும் கறுப்பாகவே தெரியும். எங்கள் வீட்டில் அதுவே ஒப்பந்தமாயிற்று: திரைச்சுவரும் கூரைப் பட்டையும் கரும்சாம்பல், பின்னாலுள்ள சுவர் ஆழ்ந்த அரக்கு. மாமியாருக்கு அந்த அரக்கு பட்டுச்சேலை நிறம் என்பதில் திருப்தி.

வெல்வெட் வேறோர் உலகம். நல்ல கறுப்பு மேட் சாயம்கூட விழும் ஒளியில் 3 முதல் 5 விழுக்காட்டைத் திருப்பிவிடும். அடர்ந்த கறுப்பு வெல்வெட் திருப்புவது ஏறத்தாழ ஒரு விழுக்காடு அல்லது அதற்கும் குறைவு. துணியின்மேல் நிமிர்ந்து நிற்கும் நூலிழைகளுக்கு இடையே நுழையும் ஒளி, பல முறை மோதி அங்கேயே அடங்கிவிடுகிறது. சட்டமிட்ட திரைகளின் கறுப்பு ஓரத்துக்கு வெல்வெட் சுற்றித் தருவதும் இதனால்தான். படம் சற்று ஓரம் தாண்டி வழிந்தாலும் அது தெரியாமல் போகிறது. அரபு ஸ்திரீட்டின் துணிக்கடைகளில் பல தரங்களில் வெல்வெட் கிடைக்கிறது. வாங்கும்போது கடையின் விளக்கில் பார்த்து முடிவு செய்யாமல், கைப்பேசி விளக்கைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். சில துணிகள் பழுப்பாகவோ நீலமாகவோ பளிச்சிடும், சில துணிகளில் அடியிலுள்ள நெசவு எட்டிப் பார்க்கும். இழைகள் சாயும் திசை எல்லாத் துண்டுகளிலும் ஒன்றாக இருக்குமாறு வெட்டச் சொல்ல வேண்டும். மாறிப் போனால் பக்கத்துப் பக்கத்துப் பலகைகள் இரண்டு கறுப்பாகத் தெரியும். பருத்தி வெல்வெட்டின் கறுப்பு ஆழமானதுதான், ஆனால் அது ஈரத்தை உறிஞ்சும். ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் ஊரில், குளிரூட்டி சில மணி நேரம் ஓடி மற்ற நேரம் மூடிக் கிடக்கும் அறைக்கு பாலியெஸ்டர் வெல்வெட்டே பாதுகாப்பு. பலகைகளைச் சுவரோடு ஒட்டிவிடாமல், காற்றுப் போக இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி விட்டுக் கழற்றி மாட்டும்படி அமைத்தால், பின்னால் பூசணம் பிடிக்கிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம். மழை அடிக்கும் வெளிச்சுவராக இருந்தால் இந்த இடைவெளி கட்டாயம். சுவரில் துணி ஏறுகிறது என்பதால் தீத்தடுப்புப் பூச்சுள்ள வகையைக் கேட்டு வாங்குங்கள். பூசை விளக்கு எரியும் அலமாரி அதே அறையில் இருந்தால் வெல்வெட் வேண்டவே வேண்டாம்.

எங்கள் அறையில் திரையின் இரு பக்கமும் தலா ஒரு பலகையும், கூரைப் பட்டையில் ஒன்றும் வெல்வெட் போட்டேன். சட்டம், துணி, தச்சர் கூலி எல்லாம் சேர்ந்து முழு அறைக்குச் சாயம் பூசிய செலவைத் தாண்டிவிட்டது. பலன் தெரிகிறதா என்றால், தெரிகிறது. பலகைகளைக் கழற்றி மாட்டிப் பார்த்தால் விண்வெளிக் காட்சிகளிலும் இரவுக் காட்சிகளிலும் வேறுபாடு ஐயமில்லாமல் புலப்படுகிறது. பகல் காட்சிகளிலும் பாடல் காட்சிகளிலும் எனக்குப் புலப்படவில்லை. முழு அறைக்கும் வெல்வெட் போர்த்துகிறவர்களின் ஆர்வத்தை மதிக்கிறேன், ஆனால் வாரம் ஒரு படம் பார்க்கும் குடும்பத்துக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். வெல்வெட் தூசை விடாது. ஒட்டுருளையால் எடுப்பது யாருடைய வேலை என்பதை வாங்குவதற்குமுன் வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய பிளாஸ்டிக் புட்டிகளின் இழையிலிருந்து செய்யப்படும் ஃபெல்ட் பலகைகள் இப்போது எங்கும் விற்கின்றன. கரும்சாம்பல் ஃபெல்ட், மேட் சாயத்துக்கு இணையாக மினுக்கில்லாமல் இருக்கிறது, ஒட்டுவது எளிது, கீறல் தெரியாது. குறை, விற்பவர்கள் இதை ஒலித்தடுப்பு என்று சொல்லி விற்பது. ஒலியின் அலைநீளத்தில் கால்பங்கு தடிமன் இருந்தால்தான் சுவரோடு ஒட்டிய பொருள் அந்த ஒலியை நன்றாக உறிஞ்சும். 1,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கே அது எட்டரை சென்டிமீட்டர். ஒன்பது மில்லிமீட்டர் ஃபெல்ட் கைதட்டலின் கூர்மையான எதிரொலியை அடக்கும், அவ்வளவுதான். சண்டைக் காட்சியின் அதிர்வு அண்டை வீட்டுக்குப் போவதை அது தடுக்காது. அதே அளவு பணத்தில், பாறையை உருக்கி இழையாக்கிய ராக்வுல் பஞ்சை (இது கல்நார் அல்ல) ஐந்து சென்டிமீட்டர் தடிமனுக்குச் சட்டத்தில் அடைத்து, மேலே ஒலி ஊடுருவும் கறுப்புத் துணி போர்த்தினால் ஒளிக்கும் ஒலிக்கும் சேர்த்து வேலை நடக்கும். வீட்டு உள்வடிவமைப்பில் இன்று எல்லோரும் கேட்கும் வரிப்பள்ளப் பலகைகளைத் திரைச்சுவரில் வைக்க வேண்டாம். அவற்றின் லேமினேட் மேற்பரப்பில் ஒவ்வொரு வரியின் முனையும் படத்தின் ஒளியைப் பிடித்து மின்னும். வரவேற்பறைக்கு அழகு, இங்கே இடைஞ்சல்.

ஜப்பானின் முசோ பிளாக் போன்ற மிகைக்கறுப்புச் சாயங்களைப் பற்றிக் கேட்கிறார்கள். அது 99.4 விழுக்காடு வரை ஒளியை உறிஞ்சுவதாக நிறுவனம் கூறுகிறது. கலைப் பொருள்களுக்கும் புகைப்படப் பின்னணிக்கும் உரிய சாயம் அது. விரல் பட்டாலே பரப்பு கெட்டுவிடும் ஒன்றை ஆட்கள் நடமாடும் அறையின் சுவரில் பூசுவது வீண். புரொஜெக்டரைத் தாங்கும் இரும்புச் சட்டம் போன்ற எட்டாத, தொடாத இடங்களுக்கு வேண்டுமானால் பயன்படுத்தலாம்.

தொலைக்காட்சிப் பெட்டி மட்டும் உள்ள அறைக்கு இவ்வளவும் தேவையில்லை. அங்கே திரை தன் ஒளியைத் தானே உண்டாக்குகிறது, கண்ணாடிப் பரப்பில் எதிர்ச்சுவரும் சன்னலும் பிம்பமாக விழுவதுதான் தொல்லை. ஆகவே இருட்டாக்க வேண்டியது பெட்டிக்குப் பின்னால் உள்ள சுவரை அல்ல, நமக்குப் பின்னால் உள்ள சுவரை. பெட்டியின் பின்சுவர் நிறமற்ற நடுத்தரச் சாம்பலாக இருந்து, அதன்மேல் 6,500 கெல்வின் வெண்ணொளி மங்கலாக விழுந்தால் கண் சோர்வு குறையும், படத்தின் நிறங்களும் சரியாகத் தெரியும். ஏனெனில் படங்களின் வெண்மை அந்த ஒளியை ஒட்டியே அமைக்கப்படுகிறது. நிறம் மாறும் அலங்கார விளக்குப் பட்டைகள் இதற்கு நேர்மாறான வேலையைச் செய்கின்றன. வாடகை வீட்டில் இருந்துகொண்டு, சாயம் பூச உரிமையாளர் ஒப்பாத நிலையில் புரொஜெக்டர்தான் வேண்டும் என்பவர்களுக்கு, மேலிருந்து வரும் ஒளியை ஒதுக்கும் வரியமைப்புத் திரையும் சுவருக்கு வெகு அருகில் வைக்கும் லேசர் புரொஜெக்டரும் சேர்ந்தது ஒரு வழி. அந்தத் திரை கூரையின் குற்றத்தைப் பெருமளவு மன்னித்துவிடும். பக்கச் சுவர்களின் குற்றத்தை அவ்வளவாக மன்னிக்காது. அங்கே தரை வரை தொங்கும் இருண்ட திரைச்சீலைகளே போதும், வீடு மாறும்போது கையோடு எடுத்துப் போகலாம்.

சாயம் கலந்து தரும் சேவையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேட்டைக் கடைகளில்கூட இப்போது கணினி நிறம் கலக்கும் இயந்திரம் இருக்கிறது, வேறு நிறுவனத்தின் நிற எண்ணைச் சொன்னாலும் நெருக்கமாகக் கலந்து தருகிறார்கள். இருண்ட நிறங்களில் அந்த நெருக்கம் போதாது. நான் வாங்கிய கடையில் வெவ்வேறு நாளில் கலந்த இரண்டு தகரங்களில் ஒன்று சற்று ஊதாச் சாயலோடு வந்தது. விளக்கொளியில் எல்லைக்கோடு தெரிந்தது. கடைக்காரர் மறுபேச்சில்லாமல் மாற்றித் தந்தார் என்றாலும் பூசியவரின் ஒரு நாள் கூலி வீணாயிற்று. தேவையான முழு அளவையும் ஒரே நாளில் கலக்கச் சொல்லி, பூசுவதற்குமுன் எல்லாத் தகரங்களையும் ஒரே பெரிய வாளியில் ஊற்றிக் கிளறிக்கொள்வதே இதற்குத் தீர்வு. மேட் சாயத்தில் பிற்காலத் திருத்தம் எப்போதும் திட்டாகத் தெரியும் என்பதால், மிஞ்சியதை எடுத்து வைத்திருந்தாலும் ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை முழுச் சுவரையும் பூச நேரலாம். மாதிரியை நிற அட்டையில் பார்த்துத் தேர்ந்தெடுப்பதும் பயனற்றது. ஒரு மீட்டர் சதுர அட்டையில் இரண்டு பூச்சுப் பூசி, திரைக்குப் பக்கத்தில் சாய்த்து, விளக்கை அணைத்து, பிரகாசமான காட்சி ஒன்றை நிறுத்தி வைத்து, வழக்கமாக அமரும் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். மூடிய குளிரூட்டி அறை என்பதால், சிங்கப்பூர் சுற்றுச்சூழல் மன்றத்தின் பச்சை முத்திரை பெற்ற, மணம் குறைந்த வகையைக் கேட்பது நல்லது. இருண்ட நிறத்துக்காகச் சேர்க்கப்படும் நிறக்குழம்பும் மணம் குறைந்ததா என்று தனியாகக் கேளுங்கள், அதைக் கடைக்காரர்கள் தாமாகச் சொல்வதில்லை.

கடைசியாக, வீட்டை விற்கும் எண்ணம் உள்ளவர்களுக்கு. வீட்டுக்குள் சாயம் பூச வீவகவின் அனுமதி தேவையில்லை, மீண்டும் வெள்ளையாக்கவும் தேவையில்லை. ஆனால் கரும்சாம்பலின்மேல் வெள்ளையை நேராகப் பூசினால் அது பல பூச்சுகளை விழுங்கும்; கறை மறைக்கும் அடிப்பூச்சு ஒன்றைப் போட்டுவிட்டுப் பூச வேண்டும். அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் சேர்த்துக்கொண்டு, முழு அறையா கூரைப் பட்டையோடு திரைச்சுவர் மட்டுமா என்று முடிவு செய்யலாம். இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பவருக்கு ஒரு வார இறுதியும் இரண்டு தகரம் முழு மேட் சாயமும் போதும்.